மையமில்லா வலையும் அதன் விலையும்

பலர்க்கும் பயன்படும் பொருளை ஓரிடத்திற் குவித்து வைத்தல் நன்றோ, பலரிடத்தும் பகிர்ந்து வைத்தல் நன்றோ என்பது நெடுநாளைய வினா. நெல்லைப் பற்றியும் நீரைப் பற்றியும் நூலைப் பற்றியும் மக்கள் இவ்வினாவை எழுப்பி வந்துள்ளனர். நம் காலத்தில் அவ்வினா கணினிகளைப் பிணைக்கும் வலையமைப்பினைப் பற்றியும் எழுந்தது. கடந்த கால் நூற்றாண்டில் பொறியியலாளர் பலர் அதற்குப் பலவாறாக விடை கண்டனர். அவ்விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எதனைப் பெற்றது, பெற்றதன் பொருட்டு எதனை இழந்தது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியன் ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொள்ளல் பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். கணினியின் நுட்பங்களைக் கற்பிப்பதற்கு அத்துறை வல்லார் நம் கல்லூரியில் உளர். எனினும், ஏடுகளைப் படியெடுத்தும், படிகளை ஒப்புநோக்கியும், செல்லரித்தன போக எஞ்சியவற்றை அச்சேற்றியும் காக்கப்பட்டு வந்த இலக்கியங்களைக் கற்பிப்பவனுக்கு, ஒரு நூல் எத்தனை இடத்தில் இருந்தால் அழியாது என்னும் வினா அயலானது அன்று. அன்றியும், மாணவர் நாள்தோறும் கையாளும் ஒரு கருவியின் உள்ளியல்பைத் தாய்மொழியில் அறிந்துகொள்ளல் அவர்க்கு நன்மை பயக்கும்.

சகபாடி வலையமைப்பு என்பது யாது?

இணையத்தில் நாம் பெரும்பாலும் காண்பது சேவையக முறை. ஒரு நிறுவனத்தின் வலிய கணினி பொருளை வைத்திருக்கும். ஏனைய கணினிகள் அதனிடம் கேட்டுப் பெறும். வழங்குவது ஒன்று; பெறுவன பல. இதற்கு மாறான முறையும் ஒன்று உண்டு. ஒரே வாங்கில் அமர்ந்து பயில்வோர் தத்தம் குறிப்புப் புத்தகங்களை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்குதல் போல, ஒவ்வொரு கணினியும் பெறுதல், வழங்குதல் என்னும் இரு தொழிலையும் செய்யும். இதனைச் சகபாடி வலையமைப்பு என இங்கு வழங்குவோம். அதிற் சேர்ந்த ஒவ்வொரு கணினியும் ஒரு கணு எனப்படும்.

இவ்வெண்ணத்தின் வேர் இணையத்தினும் முந்தியது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் போல் பாரன் என்பார், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் செய்தித்தொடர்பு அற்றுப்போகாதிருக்கும் வழியை ஆராய்ந்து, வலையமைப்புகளை மூவகையாகப் பிரித்துக் காட்டினார். முழுதும் ஒரு மையத்தைச் சார்ந்தது ஒன்று. சிறுமையங்கள் பலவற்றை உடையது மற்றொன்று. மையமே இன்றி வலைக்கண்கள் போலப் பரந்தது மூன்றாவது. மையம் அழிந்தால் முதலாவது அழியும். மூன்றாவதோ பல கணுக்களை இழந்தும் பிழைத்திருக்கும்.

இவ்வளவில் நின்றால், மையமில்லாததே சிறந்தது எனத் துணிந்துவிடலாம். ஆயின் கோப்புகளைப் பகிரும் எந்த வலையமைப்பும் நான்கு தொழில்களைச் செய்தே ஆகவேண்டும். வேண்டிய பொருள் எங்குளது எனத் தேடுதல் ஒன்று. அதனைச் சுமந்து சென்று சேர்த்தல் ஒன்று. வந்தது மெய்யான பொருளே எனத் தெளிதல் ஒன்று. நாளையும் அது கிடைக்குமாறு காத்தல் ஒன்று. சேவையக முறையில் இந்நான்கினையும் ஒருவரே செய்வர். மையத்தை அகற்றினால் இத்தொழில்கள் அகல்வதில்லை. அவற்றின் பாரம் வேறு எவர் தோளிலேனும் ஏறும். எப்பாரம் எவர்மேல் ஏறிற்று என்று நோக்குவதே ஒரு வலையமைப்பினை அறியும் வழி.

அட்டவணை மட்டும் ஓரிடத்தில்

1999ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஷோன் ஃபானிங் என்னும் அமெரிக்க இளைஞர், ஷோன் பார்க்கர் என்பவருடன் சேர்ந்து நாப்ஸ்டர் என்னும் மென்பொருளை வெளியிட்டார். இசைக்கோப்புகள் உறுப்பினரின் கணினிகளிலேயே இருந்தன. எவரிடம் எப்பாடல் உண்டு என்னும் அட்டவணை மட்டும் நிறுவனத்தின் சேவையகங்களில் இருந்தது. பாடலை வேண்டுவோர் அட்டவணையைக் கேட்டு, உரியவரின் கணினியிலிருந்து நேரே பெற்றுக்கொள்வர்.

இவ்வமைப்பின் சிறப்பு வெளிப்படை. தேடுதல் நொடியில் முடிந்தது. அட்டவணையில் இல்லையெனின் இணைந்திருந்த எவரிடமும் இல்லை எனத் துணியலாம். சுமத்தல் என்னும் பெருஞ்செலவோ உறுப்பினர்மேற் பரவிற்று. ஆகவே சிறியதொரு நிறுவனம் 2 கோடிக்கு மேற்பட்டோர்க்குப் பணிசெய்ய இயன்றது. ஆயின், பகிரப்பட்ட பாடல்களுட் பெரும்பாலானவை பதிப்புரிமை உடையன. 1999 டிசெம்பரில் இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு யூலையில் நாப்ஸ்டர் சேவையை நிறுத்திற்று.

இங்கு மாணவர் நோக்கவேண்டுவது வழக்கின் நியாயம் மட்டும் அன்று, அமைப்பின் இயல்புமாம். அன்று எந்தப் பாடலும் எவர் கணினியிலிருந்தும் அழிக்கப்படவில்லை. இருந்த பொருள் இருந்தவாறே இருக்க, அஃது இருக்குமிடத்தை அறியும் வழி மட்டும் அற்றது. பொருள் பரந்திருந்தும் அறிவு ஓரிடத்தில் இருந்தமையால் வலை முழுதும் வீழ்ந்தது.

ஊரெங்கும் கேட்டல்

நாப்ஸ்டர் வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே மறுவிடை பிறந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி ஜஸ்டின் ஃபிராங்கெல், டொம் பெப்பர் என்னும் இருவர் நியூட்டெல்லா என்னும் மென்பொருளை இணையத்தில் விடுத்தனர். அவர்கள் பணியாற்றிய நிறுவனத்தை அந்நாளில் உடைமையாகக் கொண்டிருந்த ஏ.ஓ.எல். நிறுவனம் மறுநாளே அதனை நீக்குவித்தது. ஆயினும் அதற்குள் அதனைப் பெற்றோர் அதன் விதிகளை ஆராய்ந்தறிந்து, தாமே புதிய மென்பொருள்களை இயற்றிக்கொண்டனர்.

நியூட்டெல்லாவில் அட்டவணையே இல்லை. ஒரு கணு தான் வேண்டும் பொருளைத் தன் அயலவரைக் கேட்கும். அவர் தம் அயலவரைக் கேட்பர். இவ்வாறு வினா 7 படிவரை செல்லும். ஒவ்வொரு கணுவுக்கும் 4 அயலவர் உளர் எனக் கொள்வோம். முதற்படியில் 4 கணுக்கள் கேட்கும். வினா தந்தவரை விடுத்து ஏனைய மூவர்க்கே அனுப்பப்படுமாதலால், இரண்டாம் படியில் 12, மூன்றாம் படியில் 36 எனப் பெருகி, ஏழாம் படியில் 2,916 ஆகும். அனைத்தையும் கூட்டினால் 4,372. ஒருவன் ஒரு பாடலைக் கேட்க, 4,372 கணினிகள் அவ்வினாவைச் சுமக்கவேண்டும். எல்லாரும் கேட்கத் தொடங்கினால் விளைவது யாது? தொலைபேசிக் கம்பி வழியே இணைந்திருந்த மெலிய கணுக்கள் பிறர் வினாக்களைச் சுமப்பதிலேயே தம் கொள்ளளவு முழுவதையும் இழந்தன.

அவ்வளவு சுமந்தும் தேடுதல் நிறைவுறவில்லை. வலையில் 10 இலட்சம் கணுக்கள் உளவாயின், 4,372 என்பது நூற்றில் ஒரு பங்கிற் பாதிதானும் ஆகாது. எனவே ‘இல்லை’ என்னும் விடைக்குப் பொருள் மாறிற்று. நாப்ஸ்டரில் அஃது ‘எவரிடமும் இல்லை’ எனப் பொருள்பட்டது. இங்கு ‘கேட்டவரிடத்து இல்லை’ என்ற அளவே பொருள்படும். படிகளை மிகுத்தால் தேடும் எல்லை விரியும். பாரமோ படிக்கு மும்மடங்காகும்.

மற்றொரு குறையும் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த ஈய்ற்றன் அடார், பேர்னார்டோ ஹூபர்மன் ஆகியோர் இவ்வலையை அளந்து பார்த்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் எக்கோப்பினையும் பிறர்க்கு வழங்காதிருந்தனர். கிடைத்த விடைகளில் ஏறத்தாழப் பாதி, நூற்றுக்கு 1 வீதத்தினரிடமிருந்தே வந்தது. விதியில் மையம் இல்லை. நடைமுறையிலோ சிலர் தோளே மையமாயிற்று. எல்லாரும் பெறலாம், எவரும் கொடுக்கவேண்டியதில்லை என அமைந்த இடத்தில் பலர் பெற்றுக்கொண்டு வாளாவிருப்பர் என்பது இதனால் விளங்கும்.

நடுவண் வழி

முற்றும் மையமாயின் வீழும். முற்றும் பரந்தால் தளரும். ஆதலின் 2001ஆம் ஆண்டில் கஸா முதலிய மென்பொருள்கள் இடைப்பட்ட வழியொன்றைக் கைக்கொண்டன. வலிய கணினியும் விரைவான இணைப்பும் உடைய சில கணுக்களை மென்பொருளே தெரிந்தெடுத்து, வகுப்பில் மாணவத் தலைவரை நியமித்தல் போல, மேற்கணுக்களாக நியமித்தது. மெலிய கணுக்கள் தம்மிடமுள்ளவற்றின் பட்டியலைத் தத்தம் மேற்கணுவிடம் ஒப்புவிக்கும். வினாக்கள் மேற்கணுக்களுக்கிடையே மட்டும் உலாவும். இதனால் பாரம் தாங்கவல்லவர் மேலேயே ஏறிற்று. நியூட்டெல்லாவும் பின்னர் இவ்வழியைத் தழுவிற்று.

இதன் விலை இரண்டு. தன் கணினி மேற்கணுவாயிற்று என்பதைப் பெரும்பாலோர் அறியார். அறியாமலே பிறர் பாரத்தைச் சுமந்தனர். மேலும், மேற்கணுக்கள் ஒருங்கே வீழ்ந்தால் அவற்றைச் சார்ந்தனவெல்லாம் வீழும். கஸாவைத் தோற்றுவித்தவர்கள் 2003ஆம் ஆண்டில் இதே முறையிற் பேச்சுத்தொடர்புக்கென ஸ்கைப்பை அமைத்தனர். 2010 டிசெம்பர் 22ஆம் திகதி அதன் மேற்கணுக்களுட் பல செயலிழக்கவே, அச்சேவை உலகெங்கும் தடைப்பட்டது. 2012ஆம் ஆண்டில் அதனை அப்போது உடைமையாகக் கொண்டிருந்த மைக்ரோசொஃப்ட் நிறுவனம், உறுப்பினர் கணினிகளை விடுத்துத் தன் சேவையகங்களையே மேற்கணுக்களாக்கிற்று. இடைவழியில் நின்ற வலை காலப்போக்கில் மையத்தை நாடிச் சென்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அட்டவணை எம்மிடம் இல்லை என்பது சட்டத்தின்முன் கவசமாகவும் இல்லை. 2005 யூன் மாதத்தில் கிறோக்ஸ்டர் என்னும் நிறுவனத்தின் வழக்கில், பதிப்புரிமை மீறலைத் தூண்டும் நோக்குடன் கருவியை வழங்குவோர் அம்மீறலுக்குப் பொறுப்பாவர் என அமெரிக்க உயர்நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அமைப்பை மாற்றியதனாற் பொறுப்பு மாறவில்லை.

எண்ணால் இடமறிதல்

ஊரெங்கும் கேளாமலே, மையமும் வையாமலே, ஒரு பொருளின் இடத்தைத் திண்ணமாக அறிய இயலுமோ? இயலும் என 2001ஆம் ஆண்டிற் பல ஆய்வாளர் காட்டினர். அவற்றுள் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் கோர்ட் என்பது ஒன்று. மறு ஆண்டில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் பீற்றர் மாய்முன்கொவ், டேவிட் மசியேர் என்போர் கடெம்லியா என்னும் முறையை வகுத்தனர்.

இதனை விளங்கிக்கொள்ள முதலில் முத்திரை எண்ணை அறிதல் வேண்டும். ஒரு பெயரையோ கோப்பையோ கணிதமுறை ஒன்றுக்கு உட்படுத்தினால் நீண்டதோர் எண் பிறக்கும்; இதனைக் கணினியியலார் ஹாஷ் என்பர். ஒரே உள்ளீடு எங்கும் ஒரே எண்ணையே தரும்; ஓர் எழுத்து மாறினும் எண் முற்றாக மாறும். இம்முறையிற் கணுக்களுக்கும் எண் உண்டு. பொருள்களுக்கும் எண் உண்டு. ஒரு பொருளின் இருப்பிடக் குறிப்பை, அதன் எண்ணுக்கு மிக அணித்தான எண்ணையுடைய கணு வைத்திருக்கும். தேடுவோன் அகராதியிற் சொல் தேடுவான் போல, ஒவ்வொரு படியிலும் எஞ்சிய தொலைவைப் பாதியாக்கிக்கொண்டு செல்வான். 10 இலட்சம் கணுக்களுக்கிடையே ஏறத்தாழ 20 படிகளில் இடத்தை அடையலாம். கணுக்கள் இருமடங்கானால் ஒரு படியே மிகும். அட்டவணை அழியவில்லை; ஏடு ஏடாகப் பிரிக்கப்பட்டு எல்லார் கையிலும் கொடுக்கப்பட்டது.

ஆயினும் இதற்கும் விலை உண்டு. பொருளின் பெயரையோ எண்ணையோ பிழையின்றி அறிந்தோனே தேட இயலும். ‘யாழ்ப்பாணம்’ என்பதை ஒருவன் ஒற்று விடுத்து ‘யாழ்பாணம்’ என எழுதினால், பிறக்கும் எண் வேறு. சென்றடையும் கணுவும் வேறு. அரைகுறை நினைவைக் கொண்டு தேடுவோர்க்கு நியூட்டெல்லாவே உதவும். இனி, கணுக்கள் ஓயாது வருவதும் போவதுமாய் இருத்தலால், ஏடுகளை இடையறாது கைமாற்றவேண்டும். இதன்பொருட்டுக் கடெம்லியா, புதிய அயலவரினும் பழைய அயலவரையே விரும்பி வைத்துக்கொள்ளும். நெடுநேரம் நிலைத்து நின்ற கணு மேலும் நிற்கும் என்பது அளந்தறிந்த உண்மை.

கொடுத்தாற் பெறுதல்

2001ஆம் ஆண்டில் பிறாம் கோகென் என்பவர் வெளியிட்ட பிட்டொரென்ட், தேடுதலைப் பற்றிக் கவலாது சுமத்தலையே முதன்மையாக எடுத்துக்கொண்டது. 700 மெகாபைட் அளவினதாகிய கோப்பினை 1,000 பேர் ஒரு சேவையகத்திடம் கேட்பராயின், அது 700,000 மெகாபைட் அனுப்புதல் வேண்டும். கேட்போர் பெருகப் பெருக அது தளரும். பிட்டொரென்டில் கோப்பு துண்டுகளாக்கப்படும். துண்டொன்று 256 கிலோபைட் எனின், இக்கோப்பு 2,800 துண்டுகளாகும். ஒரு துண்டைப் பெற்றவன், ஏனையன வருமுன்னரே, அதனைப் பிறர்க்கு வழங்குவான். எனவே கேட்போர் பெருக வழங்குவோரும் பெருகுவர். கூட்டத்தில் எத்துண்டு அரிதோ அதனையே முதலிற் பெறுக என்பது மற்றொரு விதி. ஒருவர் நீங்குவதால் ஒரு துண்டு அற்றுப்போதலை அது தடுக்கும்.

கொடாது பெறுவோரை இவ்வமைப்பு எதிர்கொண்ட வகை கருதத்தக்கது. ஒவ்வொரு கணுவும் 10 செக்கனுக்கு ஒருமுறை, தனக்கு மிகுதியாக வழங்குவோர் எவரெனப் பார்த்து, அவர்க்கே தானும் வழங்கும். இவ்விதி ஒன்றே இருந்தால், புதிதாக வந்தவன் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமையால் பெறுவதற்கும் ஒன்றுமின்றி வாயிலிலேயே நிற்பான். அதனால் 30 செக்கனுக்கு ஒருமுறை, கைம்மாறு கருதாது எவரேனும் ஒருவர்க்கு வழங்குக என விதித்தனர். அளந்து கொடுக்கும் வலையும் அளவாது கொடுக்கும் ஒரு கையின்றி இயங்காது என்பது இதன் உட்பொருள். 2007ஆம் ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர், பிட்டொரென்டின் விரைவில் நல்ல பங்கு, பெற்றதினும் மிகுதியாகக் கொடுத்த வலிய கணுக்களாலேயே விளைந்தது எனக் காட்டினர்.

இவ்வமைப்பின் விலையும் பெரிது. தேடுதல் இணையத்தளங்களுக்கு விடப்பட்டது. தளம் மூடப்பட்டால் வழி அடையும். பெரியதொரு தளமாகிய சுப்ரநோவா 2004 டிசெம்பரில் மூடப்பட்டபோது இது நன்கு விளங்கிற்று. கோப்பினை உடையோரைக் குறித்துவைக்கும் சேவையகத்தைச் சாராதிருக்க, 2005ஆம் ஆண்டில் கடெம்லியா முறை இதனோடு இணைக்கப்பட்டது. எஞ்சிய குறை காத்தலில் உள்ளது. கைம்மாறு என்பது பெறும்வரையிலேயே மனிதனைப் பிணிக்கும். முழுக்கோப்பும் கைவந்தபின் அங்கு நிற்பதற்கு அவனுக்கு ஏது இல்லை. இன்று ஆயிரவர் கேட்கும் கோப்பு மின்னலென வரும். பத்தாண்டுக்கு முந்திய அரிய கோப்பு, வைத்திருந்த இறுதி மனிதன் நீங்கிய நாளிலே மறையும்.

மெய்யும் மறைவும்

வந்த பொருள் மெய்யானதோ எனத் தெளியும் பாரமும் பகிரப்படவேண்டும். பிட்டொரென்டில் ஒவ்வொரு துண்டுக்கும் முத்திரை எண் உண்டு. மாறுபட்ட துண்டு ஒதுக்கப்படும். கஸாவோ விரைவு கருதிக் கோப்பின் சில பகுதிகளுக்கு மட்டும் முத்திரை கணித்தது. முத்திரை படாத பகுதிகளைக் கெடுத்த போலிகள், மெய்யான கோப்பின் முத்திரையுடனேயே அவ்வலையில் உலாவின. சோதனையிற் சேமித்த நேரம் நம்பிக்கையிற் செலவாயிற்று.

எனினும் முத்திரை எண் கோப்பினைச் சோதிக்குமேயன்றி மனிதரைச் சோதியாது. 2002ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ட் ஆய்வகத்தின் ஜோன் டூசர், ஒருவனே பல கணுக்களாக வேடம் பூண்டு வலையை ஏமாற்றலாம் என்றும், அடையாளத்தை உறுதிசெய்யும் நம்பத்தக்க மையமொன்று இல்லாவிடத்து அதனைத் தடுத்தல் நடைமுறையில் அரிது என்றும் நிறுவினார்.

மறைவை நாடுவோர்க்கு இச்சிக்கல் இன்னும் கடிது. எடின்பரோ பல்கலைக்கழக மாணவராய் இருந்த இயன் கிளார்க் 1999ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்திலிருந்து ஃபிரீநெட் என்னும் வலை தோன்றிற்று. 2023 முதல் அது ஹைஃபாநெட் எனப் பெயர் பெற்றுள்ளது. அதிற் கேட்டவர் எவர், வைத்தவர் எவர் என அறிதல் அரிது. ஒவ்வொரு கணுவும், தான் படிக்க இயலாதவாறு மறைமொழியாக்கப்பட்ட பொருளைத் தன்னிடத்து வைத்திருக்கும். வாய்திறக்க அஞ்சும் நாட்டில் வாழ்வோர்க்கு இது பெருந்துணை. ஆயின் பல கை மாறி வருதலாற் பொருள் மெல்ல வரும். இடம் நிரம்பும்போது கேட்பாரற்ற பொருள் கைவிடப்படும். ஆட்சியாளரும் அழிக்கவொண்ணாத வலையில், தீயதையும் பொய்யையும் நல்லோர் அழித்தலும் ஒண்ணாது. ஒரு கதவு இருபாலார்க்கும் ஒருசேரவே அடைபடும்.

நூலகங்கள் கண்ட வழி

மேற்கூறிய வலைகள் பெரும்பாலும் விரைவை நாடின. காத்தலையே முதற்கண் கொண்டு எழுந்தது லொக்ஸ் என்னும் திட்டம். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்திலே கடந்த நூற்றாண்டின் இறுதியில் விக்கி றைக், டேவிட் றோசந்தால் என்போர் இதனைத் தொடங்கினர். பிரதிகள் பலவாயின் பொருள் பிழைக்கும் என்பதே அப்பெயரின் கருத்து. ஒவ்வொரு நூலகமும், வெளியீட்டாளரின் இசைவுடன், தான் பெறும் மின்னிதழ்களின் பிரதியைத் தன் கணினியிலேயே வைத்திருக்கும். காலத்துக்குக் காலம் அக்கணினிகள் தம்முள் வாக்கெடுத்துப் பிரதிகளை ஒப்பிடும். ஒன்று பிறவற்றோடு மாறுபடின், அது திருத்தப்படும். ஏட்டுப்பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டு நல்ல பாடத்தைத் துணிந்த பதிப்பாசிரியர் தொழிலோடு இஃது ஒருபுடை ஒக்கும்.

இவ்வமைப்பு வேண்டுமென்றே மெல்ல இயங்குமாறு ஆக்கப்பட்டது. வாக்கெடுப்பு விரைவாக நடக்குமாயின், பிரதிகளைக் கெடுக்க நினைப்போன் விரைவாகவே கெடுத்துவிடுவான். மெல்ல நடந்தால், அவன் கேடு முற்றுமுன் நூலகர் அதனை அறிவர். ஏனைய வலைகள் குறையெனக் கருதிய மந்தத்தை இவ்வலை தன் அரணாகக் கொண்டது. எதனை இழக்கலாம் என்று தெளிந்தவர்க்கு இழப்பும் ஒரு கருவியாகும்.

படி பலவாதலின் அருமையை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியுடைய நூல்களை மீண்டும் தேடிப் பெற வழியிருந்தது. படியில்லாத ஏடுகள் போயின போயினவே.

முடிபு

இதுகாறும் கண்டவற்றாற் பெறப்படுவது இது: தேடுதல், சுமத்தல், தெளிதல், காத்தல் என்னும் நான்கினையும் குறைவின்றி நிறைவேற்றும் மையமில்லா வலை இன்றளவும் அமைந்திலது. நாப்ஸ்டர் தேடுதலைப் பெற்று நிலைபேற்றை இழந்தது. நியூட்டெல்லா நிலைபெற்று, தேடுதலின் நிறைவை இழந்தது. கஸா அளவாற் பெருகி, மெய்ம்மையை இழந்தது. பிட்டொரென்ட் விரைவைப் பெற்று, பழைமையை இழந்தது. ஃபிரீநெட் மறைவைப் பெற்று, விரைவை இழந்தது. எனவே எவ்வலை சிறந்தது என வினவுதல் பயனற்றது. எமக்கு இன்றியமையாதது எது, நாம் இழக்கத் துணிவது எது என்பதே கேட்கத்தக்க வினா.

இவ்வினாவை நம் கல்லூரிக்கே பொருத்திப் பார்க்கலாம். பழைய மலர்களும் சஞ்சிகைகளும் புகைப்படங்களும் உலகின் பல பாகங்களில் வாழும் பழைய மாணவர் வீடுகளிற் பரந்து கிடக்கின்றன. அச்சிட்ட மலர் இயல்பாகவே மையமில்லா வலையின் ஒரு பொருள். ஒரு வீட்டில் அழியினும் மறுவீட்டில் இருக்கும். அதன் குறை தேடுதலில் உள்ளது. எம்மலர் எவரிடத்து என்பதை எவரும் அறியார். அவற்றைக் கணினிக் கோப்புகளாக்கிக் காக்க விரும்பின், நமக்கு விரைவு வேண்டுவதில்லை. ஒரு பழைய மலரைப் பெற ஒரு நாள் காத்திருத்தல் பெரிதன்று. மறைவும் வேண்டுவதில்லை, நாம் ஒருவரையொருவர் அறிவோம். ஆதலின் பல வேடம் பூண்டு வருவோர் பற்றிய அச்சமும் பெரிதும் நீங்கும். நமக்கு வேண்டுவன மெய்ம்மையும் நெடுங்காப்பும். இழக்கத்தக்கன இவை, வேண்டுவன இவை எனத் தெளிந்தவுடன் அமைப்பும் தானே தெளிவாகிறது. வெவ்வேறு நாட்டினராய பத்துப்பேர் முழுத்தொகுதியையும் தத்தம் கணினியில் வைத்திருத்தல். அட்டவணையையும் முத்திரை எண்களையும் அப்பத்துப்பேரும் வைத்திருத்தல். ஆண்டுக்கு ஒருமுறை பிரதிகளை ஒப்பிட்டுப் பழுதானதைத் திருத்துதல். ஒருவர் விலகின் மற்றொருவரை உடனே சேர்த்தல். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஆண்டுதோறும் தவறாது ஒப்பிடும் பொறுமை ஒன்றே வேண்டும்.

அப்பொறுமையை எம்மென்பொருளும் தரமாட்டாது. மையத்தில் ஒரு காவலர் இருந்த காலத்தில் ஏனையோர் உறங்கலாம். மையத்தை நீக்கிய பின்னர், உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கிற்குக் காவலராதல் வேண்டும்.